கொள்ளை ஈயும் அதன் பெயரும்



மன்னார்த் தீவின் மணற்பரப்பிலே, வெயில் ஏறிய வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருத்தல் கூடும். காலடிக்கு முன்னே மெலிந்த உடலையுடைய சாம்பல் நிறப் பூச்சியொன்று சட்டென எழும். சிறிது தூரம் தாழப் பறக்கும். பின்னர் மணலில் அமர்ந்து, மணலோடு மணலாகிக் கண்ணுக்குப் புலப்படாது மறைந்துவிடும். அவ்விடத்தைக் கடந்து வேறொரு பூச்சி பறக்குமாயின், இது அம்பு போலப் பாய்ந்து அதனை வானிலேயே பற்றிக்கொண்டு, முன்னிருந்த இடத்துக்கே திரும்பும்.

இதுவும் ஓர் ஈயே. ஆயினும் எச்சிற்பண்டத்தை மொய்க்கும் ஈயன்று. வேட்டையாடி உண்ணும் ஈ. இதன் செயலை நோக்கிக் கொள்ளை ஈ என்று பெயரிட்டிருக்கிறார்கள். விலங்கியலார் இக்குடும்பத்தை அசிலிடே என்பர். உலகெங்கும் ஏறத்தாழ 7,500 இனங்கள் இதில் அடங்குவனவாக அறியப்பட்டுள்ளன. பற்றிய இரையின் உடலினுள் இவ்வீ தன் ஊசி போன்ற வாயைச் செலுத்தி, நஞ்சு கலந்த உமிழ்நீரைப் பாய்ச்சும். இரை செயலிழக்கும், அதன் உள்ளுறுப்புகள் கரைந்து நீராகும், அந்நீரையே ஈ உறிஞ்சி உண்ணும். துடிக்கும் இரையினால் முகத்துக்குத் தீங்கு நேராதபடி, வாய்க்கு மேலே தடித்த மயிர்க்கற்றையொன்று தாடி போல அமைந்திருக்கிறது. இதன் இளம் புழுக்களும் மண்ணிலோ உக்கிய மரத்திலோ வாழ்ந்து, பிற பூச்சிகளின் புழுக்களை இரையாகக் கொள்ளும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இந்த ஈயின் வேட்டையையன்று, இதன் பெயரை. ஒரு நூதனசாலையின் பெட்டியில் ஊசியிற் குத்தப்பட்டுப் பல்லாண்டுகளாக இருக்கும் ஈ ஒன்றை எடுத்து, அதன் சாதியை மாற்றி, வருணனையைப் புதிதாக எழுத வேண்டிய தேவை எவ்வாறு எழுகின்றது? அதனால் நமக்கு ஆவதென்ன? சாதி என்று இங்கே கூறுவது விலங்கியலார் வழக்கு. நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியை அது குறிக்கும்.

1758ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு விலங்குகளுக்கு இருசொற் பெயர் இடும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் சாதியையும் இரண்டாஞ்சொல் இனத்தையும் குறிக்கும். அவர் அறிந்த கொள்ளை ஈக்கள் யாவும் அசிலசு என்ற ஒரே சாதியில் அடங்கின. அவருடைய மாணாக்கரான பபிரீசியசு, தமிழ்நாட்டுக் கரையில் டேனியரின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியிலிருந்து சென்ற பூச்சிகளையும் ஆராய்ந்தவர். அவர் 1794ஆம் ஆண்டில் அசிலசு ஓராட்டசு என்று ஒரு கொள்ளை ஈக்குப் பெயரிட்டார். ஓராட்டசு என்றால் பொன் போன்றது என்பது பொருள். கீழ்த்திசை நாடுகளில் வாழும் அவ்வீ இன்று அசிலசு அன்று. மிக்கொட்டாமியா என்னும் வேறு சாதியைச் சேர்ந்தது. ஓராட்டசு என்ற அடைமொழியும் ஓராட்டா என மாறிற்று. ஏனெனில், இலத்தீன் மொழியிலே சாதிப்பெயரின் பாலுக்கேற்ப அடைமொழியின் ஈறும் மாறவேண்டும். பெயரிட்டவரின் பெயரையும் அழித்துவிடுவதில்லை. பபிரீசியசு என்பதைப் பிறைக்கோட்டினுள் எழுதுவர். இவ்வினத்தை முதலில் வேறொரு சாதியில் வைத்தவர் இவர் என்பதற்கு அப்பிறைக்கோடே சான்று.

இம்மாற்றம் ஆய்வாளரின் விருப்பத்தால் நேர்வதன்று. பிற்காலத்தில் மேலும் பல ஈக்கள் கிடைத்தபோது, முன்பு ஒன்றெனத் தோன்றியவை பலவெனத் தெரிந்தன. மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நாளிலே, துளைகளின் அளவு வேறுபட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டு முத்துக்களைத் தரம் பிரிப்பது வழக்கம். முத்தைப் பருமனால் பிரித்துவிடலாம். உயிரினத்தை அவ்வாறு பருமனாலும் நிறத்தாலும் மட்டும் பிரிப்பதற்கில்லை, உறவறிந்தே பிரிக்கவேண்டும்.

முன்னையோர் சிலர் நிறத்தையும் அளவையும் மட்டுமே எழுதிச் சென்றனர். இலண்டன் பிரித்தானிய நூதனசாலையின் தொகுதிகளை ஆராய்ந்த பிரான்சிசு வாக்கர் என்பார், இலங்கையிலிருந்து சென்ற பூச்சிகள் உட்பட ஆயிரக்கணக்கானவற்றுக்குப் பெயரிட்டவர். அவர்தம் வருணனைகள் மிகச் சுருக்கமானவை. ஒரே இனத்துக்கு இரு பெயர் இட்டமையும் உண்டு. 1874ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது வெளிவந்த இரங்கற்குறிப்பொன்றே, அவர் பணியால் விளைந்த குழப்பத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஆயினும் அக்குழப்பம் தீராத குழப்பமன்று. அவர் கண்ட பூச்சிகள் பேணப்பட்டுள்ளன. எழுத்திலே தவறு நேர்ந்தாலும், எழுதப்பட்ட பொருள் நிலைத்திருக்குமாயின் தவறு திருந்தும். நூதனசாலையின் பெரும்பயன் இதுவே.

ஓர் இனத்தின் பெயருக்குப் பிணையாக நிற்கும் தனி ஈயை மூலமாதிரி என்பர். ஐயம் எழும்போது ஆய்வாளர் நூலிலே நின்றுவிடாமல் அந்த மூலமாதிரியிடமே செல்கிறார். நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, முகத்தின் மயிர்க்கற்றை, உணர்கொம்பின் கணுக்கள், சிறகின் நரம்புகள், கால்களின் முட்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்கிறார். கண்ணுக்கு ஒன்றெனத் தோன்றும் இரண்டு இனங்களைப் பெரும்பாலும் பிரித்துக்காட்டுவது, ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு. உலர்ந்து இறுகிய ஈயை ஈரப்பதத்தில் வைத்து இளக்கி, அந்நுனியைப் பிரித்தெடுத்து, எரிபொற்றாசுக் கரைசலில் இட்டால், தசை கரைந்து கடினமான பகுதிகள் மட்டும் தெளிவாக எஞ்சும். அவற்றை வரைந்தும் படம்பிடித்தும் முடித்தபின், கிளிசரின் துளியோடு சிறு குழாயில் இட்டு, அதே ஈயின் ஊசியிலேயே செருகிவைப்பர். பின்னர் வருபவர் தாமும் பார்த்து ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வழியிருத்தல் வேண்டுமல்லவா?

ஈயைப் போலவே விலையுடையது அதன் கீழே செருகப்பட்ட குறிப்புச்சீட்டு. பழைய சீட்டுகள் பலவற்றில் ‘சிலோன்’ என்ற ஒரு சொல்லே உண்டு. அந்த ஈ நுவரெலியாவின் குளிர்ந்த காட்டில் பிடிபட்டதா, தலைமன்னாரின் மணலிலே பிடிபட்டதா? அச்சொல்லைக்கொண்டு எவரும் கூற இயலாது.

இக்குறையைப் பெரிதும் நீக்கியது, 1960களின் பிற்பகுதியில் தொடங்கி அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனம் இலங்கையில் நடத்திய பூச்சி ஆய்வு. குளவிகளை ஆராய்வதில் புகழ்பெற்ற கார்ல் குரோம்பைன் அதனை முன்னின்று நடத்தினார். கொழும்புத் தேசிய நூதனசாலையைச் சேர்ந்த பி. பி. கருணாரத்தின முதலானோர் உடனிருந்து உழைத்தனர். மன்னார் மாவட்டத்துக் கொண்டச்சிப் பகுதியிலும் அவர்கள் பூச்சி சேகரித்தனர். சேகரித்த இடம், நாள், சேகரித்தோர் பெயர் ஆகியன அவர்களின் சீட்டுகளில் ஒழுங்காகக் காணப்படும். கொண்டச்சி மரமுந்திரிகைத் தோட்டத்தின் பெயர் இன்று வாசிங்டனில் உள்ள பூச்சிப் பெட்டிகளிலே இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அத்தகைய மாதிரிகளே பிற்கால ஆய்வுக்கு அடிப்படையாயின. கீழ்த்திசை நாடுகளின் கொள்ளை ஈக்களுக்குப் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த அரோல்டு ஓல்ட்ராய்டு 1975இல் ஒரு பெயர்ப்பட்டியலைத் தொகுத்தளித்தார். பட்டியல் வழிகாட்டுமேயன்றி ஐயந்தீர்க்காது. ஒம்மாட்டியசும் அதன் உறவுச் சாதிகளும் அடங்கிய ஒரு பிரிவு உண்டு. உணர்கொம்பின் நுனி இறகு போல மயிர் கொண்டிருத்தல் அதன் அடையாளம். அப்பிரிவின் இலங்கை இனங்களை ஸ்கார்பரோ, ஹில் என்னும் இருவர் மீண்டும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈ பிடிபட்ட நாளுக்கும், அதற்கு உரிய பெயர் கிடைத்த நாளுக்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது என்பதைக் கருதுக.

அவ்விடைக்காலத்தில் மன்னாரிலே நிகழ்ந்தவற்றை நேயர்கள் அறிவார்கள். 1983 முதல் 2009 வரை நீண்ட போரினால், வலையும் குடுவையும் ஏந்தி அக்கரையில் அமைதியாக ஆய்வு செய்யும் வாய்ப்பு அரிதாயிற்று. போர் ஓய்ந்தபின் நிலமும் மாறிவருகிறது. தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகள் எழுந்தன; அத்திட்டம் 2020 திசம்பரில் தொடக்கிவைக்கப்பட்டது. கனிய மணல் அகழ்வது பற்றிய திட்டங்களும் மக்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பியுள்ளன. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதற்கு அங்கு வரும் பறவைகள் பெருங்காரணம். பூநாரைக்குப் பெயர் உண்டு; எண்ணிக்கை உண்டு; ஆகவே அதற்காகப் பேசுவோரும் உண்டு. மணலிலே வாழும் ஈக்காகப் பேசுவோர் யார்? அது மன்னாருக்கே உரியதா, இந்துமாக்கடலின் கரைகளெங்கும் பரந்து வாழ்வதா என்பதை, அதன் பெயர் தெளிவாகாதவரை எவரும் சொல்ல முடியாது. பெயரற்ற உயிர் அழிந்தால், அழிந்தது எது என்று சொல்லவும் வழியில்லை.

நூதனசாலைத் தொகுதிகளும் அழிவுக்கு அப்பாற்பட்டவையல்ல. 2018 செத்தெம்பரில் பிரேசில் நாட்டின் தேசிய நூதனசாலை தீப்பற்றியபோது, அங்கிருந்த பூச்சித்தொகுதியின் மிகப்பெரும் பகுதி ஒரே இரவில் சாம்பலாயிற்று. நம் நாட்டிலோ தீயைவிட மெதுவாக வேலை செய்யும் பகைகள் உள்ளன: ஈரக்காற்று, பூஞ்சணம், உலர்ந்த பூச்சியை அரிக்கும் வண்டு. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையின் தொகுதிகளை இவற்றினின்று காப்பதற்கு, ஆண்டுதோறும் பணமும் அதனினும் மேலாகப் பயிற்சியுடைய ஆட்களும் வேண்டும்.

எனவே, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உயிரியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அயல்நாட்டார் நம் மணலிலே தேடியதை நாமும் தேடலாம். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. உரிய அனுமதியும், கூர்ந்த கண்ணும், பொறுமையும், இடத்தையும் நாளையும் தவறாது எழுதும் பழக்கமும் போதும். இன்று நீங்கள் எழுதிவைக்கும் சீட்டை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் முகமறியாத ஆய்வாளர் ஒருவர் எடுத்துப் படிப்பார். பேசாலை என்றோ எருக்கலம்பிட்டி என்றோ அதிலே தெளிவாக எழுதியிருந்தால், அந்த ஈக்குரிய இடம் அவருக்கு ஐயமறத் தெரியும்.