ஷீட்டுக்குக் கீழே ஒரு கணக்கு

(மேலகரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நான் கூரையைப் பற்றிப் பேசப்போறேன். பொறுத்துக்கிடுங்க.

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. சாரல் அவருக்குப் பாட்டு. சீசனுக்கு வருகிறவர்களுக்குக் குளியல். நம்ம தெருவில் அது ஷீட்டு மேலதான் விழுது. பாசி பிடிச்சு, அரிச்சு, விளிம்பெல்லாம் பொடியாக் கொட்டுது.

பேங்குக்கு வரும் வீட்டுக்கடன் எஸ்டிமேட்டில் 'ஏ.சி. ஷீட் கூரை' என்று இருக்கும். "சார், நாங்களும் ஏ.சி. வீட்டுக்காரங்கதான்" என்று ஒருத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏ.சி. என்றால் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். ஷீட் முழுசாக இருக்கும்வரை நார் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். அறுத்தால், ஓட்டை போட்டால், உடைத்தால், மழையில் அரித்தால் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு போன இழை நுரையீரலில் தங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும், புற்றுநோயும் வரும். எந்த வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் 20, 30, 40 வருசம் கழித்துத்தான் வரும். இதுதான் இந்த விஷத்தின் தந்திரம். கொன்றவன் போய்விடுவான், செத்தவன் மட்டும் இருப்பான்.

எங்க சித்தப்பா கூரை வேலைக்குப் போனவர். ரம்பம் போட்டு ஷீட் அறுப்பார். சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளையாக வருவார். சித்தி அந்தச் சட்டையை வாசலில் உதறுவாள். பக்கத்தில் நாங்கள் பிள்ளைகள் விளையாடுவோம். ஐம்பது தாண்டியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். தேறவில்லை. என்ன நோய் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. "என்ன வேலை பார்த்தீரு?" என்று ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நார் ஆலையில் நூல் நூற்றார். 1924-இல், 33 வயதில் செத்தார். கம்பெனி நஷ்டஈடு தரவில்லை. அடக்கச் செலவும் தரவில்லை. தந்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். பெயர்ப்பலகை இல்லாத குழியில் புதைத்தார்கள். ஆனால் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலைச் சோதித்து மருத்துவ இதழில் எழுதினார். 1931-இல் அந்த நாட்டில் கல்நார்த் தூசுக்குச் சட்டம் வந்தது. எழுதிவைத்ததால் வந்தது, தோழர்களே.

நம் உச்ச நீதிமன்றமும் 1995 ஜனவரி 27 தீர்ப்பில் இதைச் சொன்னது. தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய வாழ்வுரிமை. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நிலைப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருசம், அல்லது வேலையை விட்டபின் 15 வருசம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் சித்தப்பா ஆலைத் தொழிலாளி இல்லையே! ஷீட் தூக்குகிற, அறுக்கிற, பழசை உடைக்கிற நம் ஆட்களின் பெயர் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது?

ஏன் நிறுத்தவில்லை? 1986-இல் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதுக் குத்தகை தருவதை நம் அரசு நிறுத்தியது. இறக்குமதியை நிறுத்தவில்லை. ரஷ்யாவிலிருந்து இன்றும் வருகிறது. 2018 முதல் கட்டுப்படுத்தப்போவதாக இலங்கை அறிவித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததென்று இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உடனே இலங்கை அரசு கல்நார்த் தடையைக் கைவிட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து கிள்ளுகிறவள் மலையகத் தமிழச்சி. அவள் கூலியும் நம் நுரையீரலும் ஒரே தராசில்.

தடை வரும்வரை என்ன செய்ய? நல்லாருக்கிற கூரையைப் பயந்து உடைக்காதீங்க. புதுசாப் போடுறவங்க ஓடோ, தகரமோ, கல்நார் இல்லாத ஷீட்டோ கேளுங்க. பழசை இறக்கணும்னா தண்ணியில் நல்லா நனைச்சு, போல்ட்டைக் கழற்றி முழுசா இறக்குங்க. ரம்பமும் மெஷினும் வைக்காதீங்க. துண்டு கட்டினா இந்த இழை நிக்காது. நுண்தூசுக்கான வடிகட்டி மாஸ்க் வேணும், அதை மேஸ்திரி வாங்கித் தரணும். தூளைத் துடைப்பத்தால கூட்டாதீங்க, ஈரத்துணியால் துடைங்க. உடைஞ்ச ஓட்டைக் குழி மூடப் போடாதீங்க, கனமான பிளாஸ்டிக்கில் கட்டுங்க. சட்டையை உதறாம, தனியா நனைச்சுத் துவைங்க. பீடியை விடுங்க, கல்நாரும் புகையும் சேர்ந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

கடைசியா ஒண்ணு. நான் கிளார்க். லெட்ஜரில் ஏறாத பணம் பணமே இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஏறாத சாவும் அப்படித்தான். தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுங்க, தம்பிகளா. யார் ஷீட் வேலை செய்தார், எந்த வருசம், எத்தனை வருசம், இப்ப மூச்சு எப்படி இருக்கு, எழுதுங்க. ஆஸ்பத்திரிக்கு அந்த நோட்டோடு போங்க. டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லுவோம்: இவர் கல்நார் அறுத்தவர்.

முதல் வரியில் எங்க சித்தப்பா பேரை எழுதியிருக்கேன். நோட்டு இங்கே மேசைமேல் இருக்கிறது.