உயர்ந்த நகரமும் நெரிசலான நகரமும்



நாட்காட்டியில் நியூயார்க் நகரத்தின் படத்தைக் கண்டதும், "அடேயப்பா, என்ன நெரிசல்!" என்று சொல்லிவிடுகிறோம். கட்டடம் உயர உயர, மக்களும் நெருக்கியடித்து வாழ்வார்கள் என்பது நம் எண்ணம். அமெரிக்க நகரங்களின் கணக்கைப் பார்த்தால் அந்த எண்ணம் தடுமாறிப் போகிறது.

நியூயார்க்கின் நடுநாயகமான மன்ஹாட்டன் ஒரு தீவு. நிலப்பரப்பு ஏறத்தாழ 23 சதுர மைல். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 17 இலட்சம் பேர். ஒரு சதுர மைல் 640 ஏக்கர் அல்லவா? அப்படியானால் ஏக்கருக்கு ஏறத்தாழ 115 பேர். ஆனால், எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுவதற்கு 21 ஆண்டுகளுக்கு முன், 1910இல், அதே தீவில் 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 160 பேர்! ஐந்தாறு மாடி வாடகை வீடுகளில், சாளரமே இல்லாத உள்ளறைகளில், குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். புதிய வீடுகளுக்கு வெளிச்சமும் காற்றும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று 1901இல் சட்டமே போட வேண்டியிருந்தது. லயன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நெரிசல் என்பது மாடிக் கணக்கன்று. ஓர் அறைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு.

அப்படியானால் வானளாவிய கட்டடங்கள் எதற்கு? தொடக்கத்தில் பெரும்பாலும் அலுவலகங்களுக்குத்தான். 1871இல் சிக்காகோவின் நடுப்பகுதி தீக்கிரையானது. திரும்பக் கட்டியபோது நிலத்தின் விலை ஏறிற்று. ஆறும் ஏரியும் இரயில் பாதைகளும் சூழ்ந்த அந்தச் சிறு இடத்தை விட்டு நகர வணிகர்களுக்கு மனமில்லை. மேலே போவதுதான் வழி. மின்தூக்கி வந்துவிட்டது, சுவர்தான் தடை. 1891இல் எழுந்த 16 மாடி மொனட்நாக் கட்டடத்தின் பாரத்தைச் செங்கற்சுவரே தாங்கியதால், அடியில் அதன் தடிமன் 6 அடி! கடைக்கு விட வேண்டிய இடத்தைச் சுவர் விழுங்கிவிட்டது. 1885இல் அதே ஊரில் கட்டப்பட்ட 10 மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்திலோ இரும்பு, எஃகுச் சட்டம் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கியது. அந்த முறையே வென்றது. 1897இல் தூண்களின்மேல் ஓடும் இரயில் பாதை ஒன்று நடுநகரை வளைத்துக்கொண்டது. 'லூப்', அதாவது வளையம், என்றே அப்பகுதியை அழைக்கிறார்கள். காலையில் இரயிலில் வந்து வேலை பார்த்து மாலையில் திரும்புவோர்தாம் அங்கே மிகுதி.

லாஸ் ஏஞ்சலஸ் வேறு மாதிரி. 1950களின் நடுப்பகுதி வரை அங்கே சாதாரணக் கட்டடம் எதுவும் 150 அடிக்கு மேல் எழக்கூடாது. எனவே நடுநகர் உயரவில்லை. அலுவலகங்கள் பல இடங்களில் சிதறின. படத்தில் பார்த்தால் தாழ்ந்த வீடுகள்தாம் தெரியும். ஆயினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கில், புறநகர்களையும் சேர்த்தால், அங்கே சதுர மைலுக்கு ஏறத்தாழ 7,500 பேர்; நியூயார்க்கிலோ ஏறத்தாழ 6,000 பேர்தான்! நியூயார்க்கின் புறநகர்களில் வீட்டுக்கு வீடு அகன்ற தோட்டம். லாஸ் ஏஞ்சலஸிலோ மலைக்கும் கடலுக்கும் இடையே சிறு சிறு மனைகள்.

நியூயார்க் தொழிலாளி பாதாள இரயிலில் வேலைக்குப் போய்விடலாம். வேலை சிதறிக் கிடக்கும் ஊரில் கார் இல்லாத ஏழையின் பாடு திண்டாட்டம். லாஸ் ஏஞ்சலஸிலும் ஒரு காலத்தில் மின்சார இரயில்கள் ஓடின. லாங் பீச்சுக்குச் சென்ற கடைசி வழியை 1961இல் நிறுத்தினார்கள். 1990இல் பெரும்பாலும் அதே தடத்தில், பெருஞ்செலவில், மறுபடியும் இரயில் விட்டார்கள்.