துணியும் துணையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் 'நூல்' என்னும் ஒரே சொல் இழையையும் ஏட்டையும் குறிக்கும். 'பனுவல்' என்னும் சொல்லும் அத்தகையதே. நன்னூலின் பாயிரப் பகுதி இவ்வொப்புமையை விரித்துரைக்கிறது. அங்கே சொல் பஞ்சாகிறது. புலவன் நூல் நூற்கும் பெண்ணாகிறான். புலவனின் வாய்க்கு அவளுடைய கை ஒப்பாகிறது. மாணவர் இதனை நூலின் இலக்கணமாகப் பயின்றுவிட்டு மேலே செல்வது வழக்கம். உவமையாக வந்த அப்பெண்ணைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அவள் கை ஓயாது இயங்கிய வேளையில் அவளுடைய வாய் யாரோடு பேசிற்று? இவ்வுரை அவ்வினாவைப் பற்றியது.

சங்கச் செய்யுட்களில் வரும் நூற்கும் பெண் பெரும்பாலும் தனித்தவள். நற்றிணையின் 353ஆம் பாட்டில் கபிலர், ஆண்துணையற்ற மகளிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை உவமையாக்குகிறார். புறநானூற்றின் 326ஆம் பாட்டு, பருத்தி வேலைக்காக இரவில் எழுந்த ஒருத்தியைச் சிறு விளக்கின் ஒளியில் காட்டுகிறது. நூற்றல் அன்று துணையிழந்த பெண்ணின் பிழைப்பாக இருந்தது. அது அவளுக்குக் கூழ் அளித்தது. கூட்டு அளித்ததா என்பதைப் பாட்டு கூறவில்லை.

சங்ககிரியைச் சூழ்ந்த நிலம் நெசவு நிலம். எடப்பாடி, திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை என்று எத்திசையில் சென்றாலும் தறியொலி கேட்கும். கைத்தறி ஓங்கியிருந்த காலத்தில் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். தெருவின் நீளத்திற்கு இழைகளை விரித்து, குறுக்கே கழிகளைக் கொடுத்து, கஞ்சி தோய்த்து, பாவாற்றி என்னும் பெருந்தூரிகையால் இருபுறமும் நின்று நீவுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை அது. ஒரு குடும்பத்தின் கைகள் அதற்குப் போதா. இன்று ஒரு வீட்டுப் பாவிற்கு அடுத்த வீட்டார் வருவர்; நாளை அவர் பாவிற்கு இவர் செல்வர். அறுந்த இழையை முடிந்துகொண்டே மணப்பேச்சும் மருந்துப்பேச்சும் நடக்கும். திண்ணையில் ராட்டையைச் சுழற்றித் தார் சுற்றும் பாட்டியும் அப்பேச்சில் பங்குகொள்வாள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பாவு முடிவதற்குள் தெருவிற்குத் தெரிந்துவிடும்.

இதனைப் பொற்காலமென்று போற்ற வேண்டுவதில்லை. தெருவின் நெருக்கம் பெரும்பாலும் ஒரே சாதிக்குள் அடங்கிய நெருக்கம். தார் சுற்றிய பெண்ணுக்குத் தனிக்கூலி கிடையாது. நெய்தவரின் கூலிக்குள் அவள் உழைப்பு மறைந்துபோயிற்று. முதலாளியிடம் பட்ட கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. ஆயினும் கை உழைக்கும்போதே வாய் பேசுவதற்கு அத்தெருவில் இடமிருந்தது.

விசைத்தறி வந்தபின் துணியின் அளவு பெருகிற்று. பாவு ஆலைகளிலிருந்து உருளைகளில் சுற்றப்பட்டு வந்தது. விசைத்தறிக் கூடத்தின் ஒலி பொதுவாக 90 டெசிபலைக் கடக்கும். அருகருகே நின்று வேலை செய்வோர் கையசைத்தும் உதடசைத்துமே கருத்தைப் பரிமாறிக்கொள்கின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்லச் செவித்திறன் குறைகிறது. வீடு திரும்பிய பின்னும் உரையாடல் அரிதாகிறது.

இவ்வட்டாரத்தின் மற்றத் தொழில்களும் இதற்குத் துணைபோகின்றன. சங்ககிரியின் பெயரை வடநாட்டுச் சாலைகள் வரை கொண்டு சென்றவை அதன் லாரிகள். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் பல மாநிலங்களில் இயங்குகின்றன. ஓட்டுநர் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. துளைவண்டியோடு செல்பவர் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. அவ்வீடுகளில் எஞ்சியிருப்போர் பெண்களும் முதியோரும். பகலில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின், ஆடைகளில் பிசிறு வெட்டும் வேலையைக் கூலிக்கு வாங்கி வந்து, சுவர் நோக்கி அமர்ந்து செய்யும் பெண்கள் பலர். ஊசியும் நூலும் அவர்கள் கையிலும் உண்டு. எனினும் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியும், மாலைக்குள் முடிக்கும் விரைவும், அடைத்த கதவும் சேர்ந்தால் அந்நூல் அவர்களை யாரோடும் பிணைப்பதில்லை. தையல் மனத்திற்கு மருந்து என்று பொதுப்படக் கூறுவது ஆகையால் பிழையாகிவிடும். எந்நிலையில் அது மருந்தாகிறது என்பதே ஆராயத்தக்கது. தமிழகத்தின் இரு முயற்சிகள் அதற்கு விடை தருகின்றன.

முதலாவது கடற்கரையில் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. எஞ்சிய மீனவப் பெண்களுக்குக் கடலைக் காணவே அச்சம். மீன் விற்கும் தொழிலும் நின்றது. ஆரோவில்லில் உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, 2005 தொடக்கத்தில் அருகிலிருந்த மீனவச் சிற்றூர்களின் பெண்களைக் கூட்டி, ஆடைத் தயாரிப்பில் கழிக்கப்பட்ட துண்டுத் துணிகளைக் கொண்டு விரலளவுப் பொம்மைகளைச் செய்யக் கற்பித்தார். 'சுனாமிகா' என்பது அப்பொம்மையின் பெயர். செய்தவர்களுக்கு ஊதியம் உண்டு. பொம்மைக்கோ விலை இல்லை. அது அன்பளிப்பாக மட்டுமே வழங்கப்பட்டது; பெற்றோர் விரும்பினால் நன்கொடை அளிக்கலாம். இவ்வாறு பல இலட்சம் பொம்மைகள் உலகின் பல நாடுகளுக்குச் சென்றன. உதவி பெறும் வரிசையில் மாதக்கணக்காக நின்றிருந்த பெண்கள், பிறருக்குக் கொடுப்போர் ஆயினர்.

இரண்டாவது முயற்சி சேலத்திற்கு வடகிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் நிகழ்வது. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்விடத்தில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். பேறுகாலமும் குழந்தை நலமும் அவர்களின் முதற்கவலை. நோயின் வேர் வறுமையிலும் இடப்பெயர்விலும் இருப்பதை நாளடைவில் கண்டனர். அங்கு வாழும் இலம்பாடி மக்களின் பெண்கள் ஒருகாலத்தில் கண்ணாடித் துண்டுகளும் பலநிற நூலும் கொண்டு தம் பாவாடையிலும் மேலாடையிலும் நுண்ணிய பூவேலை செய்தவர்கள். சேலை உடுக்கும் வழக்கம் பரவியபின் அக்கலை மறைந்தது. நினைவில் வைத்திருந்தோர் மூத்த பெண்கள் சிலரே. அவர்களை ஆசிரியர்களாக்கி, இளம் பெண்களை அவர்கள் அருகில் அமர்த்தி, 2006-இல் உருவானது 'போர்கை' என்னும் கைவினைஞர் அமைப்பு. அம்மக்கள் மொழியில் அச்சொல்லுக்குப் 'பெருமை' என்று பொருள்.

இங்கே மருத்துவர் ஒருவர் ஊசியைப் பரிந்துரைத்தார் எனலாம். வெளியூர் வேலைக்குச் செல்லாமல் சொந்த ஊரில் ஈட்ட அது வழி தந்தது. அதற்கிணையாகக் கருதத்தக்கது முதியவளின் இடமாற்றம். பேரப்பிள்ளைகளுக்குப் புரியாத பழக்கங்களின் எச்சமாக ஒதுங்கியிருந்த மூதாட்டி, திடீரென்று பலரும் வந்து கேட்கும் ஆசிரியை ஆனாள். தையலின் ஒரு வகையைக் கற்பிக்கும்போது அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் அதைக் கற்பித்த தாயின் கதை தானே வரும்.

சுனாமிகா விற்கப்படாதது, போர்கையின் பூவேலை நேரிய விலைக்கு விற்கப்படுவது. ஒன்று புதிதாகக் கற்றது. மற்றது இழந்ததை மீட்டது. வேறுபட்ட இவ்விரண்டிற்கும் பொதுவானவை மூன்று. பெண்கள் கூடியமர்ந்து செய்தனர். கற்றுக்கொடுக்கவும் கற்றுக்கொள்ளவும் அதில் இடமிருந்தது. செய்த பொருள், தம்மை அறியாதவரிடமும் மதிப்புப் பெற்றது. பிசிறு வெட்டும் பெண்ணுக்கு இம்மூன்றும் இல்லை.

அயலாரின் ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. 2013-இல் பிரித்தானியத் தொழில்வழி மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல் வேலை செய்வோர் விடையளித்தனர். அடிக்கடி பின்னுவோர் மனம் அமைதியுற்றதாகக் கூறினர்; குழுவில் அமர்ந்து பின்னுவோரிடம் மகிழ்ச்சியும் பிறரோடு கலந்துபழகும் தன்மையும் மிகுந்திருந்தன. இவை அவரவரே கூறியவை. முடிந்த சான்றாக அவற்றைக் கொள்ள இயலாது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆணையம் 2025 சூன் திங்களில் அளித்த அறிக்கை, உலகில் அறுவரில் ஒருவர் தனிமையுணர்வால் வருந்துவதாகவும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையன என்றும் கூறுகிறது. தனிமை, முதியவரின் முணுமுணுப்பென்று ஒதுக்கத்தக்க செய்தியன்று.

குழுத்தையல் கடனைத் தீர்க்காது, தறிக்கூலியை உயர்த்தாது, நெடுஞ்சாலையில் உள்ள கணவனை விரைந்து அழைத்து வராது. கூலி உயர்வுக்கான குரலுக்கு மாற்றாக அதனைக் காட்டுவோர் உளராயின் அவர்களை ஐயுறவே வேண்டும். ஆனால் மனச்சோர்வு முற்றிய பெண்ணொருத்தி தன் துன்பத்தை முதன்முதலாகச் சொல்வதற்கு மருத்துவமனையைக் காட்டிலும் பாயே எளிய இடம். கண் ஊசிமுனையில் இருக்கும்போது எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுவதில்லை. பார்க்காமல் சொல்லத்தக்கவை சில உண்டு.

சங்ககிரி வட்டாரத்தில் தார் சுற்றிய பாட்டிமார் இன்னும் உளர். பாவின் பகுதிகளுக்கும் தறியின் உறுப்புகளுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களுள் அகராதியில் ஏறாதன பல இருக்கக்கூடும். வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு கூடம், தறியில் எஞ்சிய நூலும் துண்டுத்துணியும், சாதி கேளாது விரிக்கப்பட்ட ஒரு பாய் ஆகியவை போதும் தொடங்குவதற்கு. மூதாட்டி கற்பிக்க, ஓட்டுநர் வீட்டுப் பெண் தைக்க, படித்த பெண்ணொருத்தி அருகமர்ந்து சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். பத்தாண்டுகளாக ஏட்டு நூலைப் போற்றிவரும் இலக்கிய வட்டம், தன் கூடத்தின் கதவை அப்பிற்பகலுக்குத் திறந்துவைப்பது அதன் பதினோராம் ஆண்டிற்குரிய பணியாகட்டும்.