ஏரியின் திறந்த பக்கம்



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து ஏரிகளைப் பற்றிப் பேச இந்தக் கருத்தரங்குக்கு வந்திருக்கிறோம். முகப்பேர் ஏரித் திட்டம் என்ற முகவரியைக் கேள்விப்படாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு ஏரி இருக்கிறது; அந்த ஏரியில்தான் வீடுகள் எழும்பின. இதற்கு நெடுநாள் முன்பே, 1920களில், மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு இன்றும் அந்த ஏரியின் நினைவைத்தான் சுமக்கிறது.

இப்போது ஏரிகளை யாரும் அப்படி வெளிப்படையாகத் தூர்ப்பதில்லை, மேம்படுத்துகிறார்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரி 2019இல் நடைபாதையோடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஏரிக்கரை மேம்பாட்டுப் பட்டியலில் அயனம்பாக்கம் ஏரியும் உண்டு. மாலையில் காலாற நடக்க இடமில்லாத புறநகரில் இவை பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை.

என் கவலை கரையைப் பற்றியது. நம் ஏரிகளுக்குச் சுற்றிலும் கரை கிடையாது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல் ஒரு கரை, அதில் மதகு, மிகுநீர் வழிய ஒரு கலங்கல். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைநீர் வந்து சேர்வது அந்தப் பக்கமாகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறிப் பரவும், சித்திரையில் இறங்கிப்போகும். இறங்கியபின் தெரியும் நிலத்தில் புல் முளைக்கும், மாடு மேயும், நாரை இரை தேடும். அது தரிசு நிலமல்ல, ஏரியின் உடம்பு. ஆக்கிரமிப்பும் அங்கேதான் நுழைகிறது, பூங்காவும் அங்கேதான் வருகிறது. ஏரியைச் சுற்றி வர நடைபாதை வேண்டுமென்று மேட்டுப் பக்கத்திலும் கரை எழுப்பினால், வரத்து நீர் வெளியே தேங்கிப் பக்கத்துத் தெருக்களில் ஏறும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வரத்துக் கால்வாயில் வருவதும் இப்போது மழைநீர் மட்டுமல்ல. தங்கள் ஏரியில் கலந்த கழிவுநீருக்கு எதிராகக் கொரட்டூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். கால்வாயைச் சீராக்காமல் கரைக்கு விளக்குப் போடுவது வேலையைத் தலைகீழாகத் தொடங்குவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீர்நிலையை மீட்கும்போது முதலில் பெயர்க்கப்படுவது ஓலைக் குடிசையும் தகரக் கொட்டகையும்தான். கூவம் ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கூடப்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுத் தொலைவில் போய்க் குடியேறின. ஏரிகளைக் காக்க 2007இல் சட்டம் வந்தது. அதன் கை எந்தச் சுவரை எட்டியது, எந்தச் சுவரை எட்டவில்லை என்பதை நம் ஆய்வாளர்கள் ஊர் ஊராக எழுதிவைக்க வேண்டும். கிராமப் புலப்படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்தாலே பாதி வேலை முடியும்.

முதல் அமர்வில் கட்டுரை படிப்பதற்கு முன் ஏரிக்கரைவாசிகள் பேசட்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். முன்வரிசை நாற்காலிகள் அவர்களுக்காக விடப்பட்டிருக்கின்றன. வந்து அமருங்கள், அம்மா, வாருங்கள், ஐயா. கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.