முகப் பொலிவும் இடுப்புத் தழும்பும்



முகச் சுருக்கத்தை லேசர் கதிரால் நீக்கி இளமையை மீட்டுத் தருவதாக இன்று பல விளம்பரங்களைக் காண்கிறோம். அதுவே தோல் புற்றுநோயையும் தடுக்கும் என்பாரும் உளர். இதில் நமக்குப் பொருந்துவது எவ்வளவு என்று பேச விழைகிறோம்.

லேசர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. சுருக்கம் களையப் பயன்படும் கரியமிலவாயு லேசரை 1964இல் அமெரிக்காவில் ஆக்கியவர், இந்த மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல். அக்கதிரைத் தோலிலுள்ள நீர் உறிஞ்ச, மேற்படலம் ஆவியாகிப் புதுத்தோல் வளர்கிறது.

நோய்த்தடுப்பும் வெறுங் கதையன்று. முன்னரே முகத்தில் தோல் புற்றுநோய் கண்டவர்களைப் பற்றி, பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மேற்றோலைச் சிதைக்காத வேறுவகை லேசர் பெற்றோருள் நூற்றுக்கு 21 பேருக்கும், பெறாதோருள் 40 பேருக்கும் நோய் மீண்டது. ஆயின் ஆராயப்பட்டவர் நூறு பேர்கூட இல்லை. மேலும் வெயிலால் வரும் இந்நோய் வெள்ளைத் தோலினரிடமே மிகுதி. நம் மாநிறத் தோலிலோ லேசர் பட்ட இடம் சில வேளை மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். பணம் கொடுத்துக் கருமை வாங்கிய கதைதான்!

நமக்குரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பரேல் டாட்டா நினைவு மருத்துவமனையின் டாக்டர் கனோல்கர், சூரியாபாய் என்பாருடன் சேர்ந்து 1945இலேயே 'வேட்டிப் புற்று' என்பதை எழுதினார். இறுகக் கட்டிய வேட்டி ஆண்டுக்கணக்கில் இடுப்பில் உராய, தோல் தடித்து, புண்ணாகி, சிலருக்குப் புற்றாவதை அவர் விளக்கினார். சேலைக்குள் அணியும் பாவாடை நாடாவாலும் அவ்வாறே நேர்வதைப் பின்வந்த மருத்துவர்கள் கண்டனர்.

நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர், இடுப்பில் ஆறாத புண்ணுக்கு ஈராண்டு மஞ்சளே பூசிவந்தார். ஆண் மருத்துவரிடம் இடுப்பைக் காட்டுவதா என்ற நாணமே காரணம். பின்னர் அறுவை செய்து பிழைத்தார். அவர் இடுப்பு மறைந்திருந்த அதே வீட்டில், மருமகளின் முகத்துக்கு லேசர் நாள் குறிக்கப்பட்டிருந்தது!

ஆகவே தாய்மார்களே, நாடாவைத் தளர்த்துங்கள். அகலப் பட்டையாக்கிக் கட்டும் இடத்தை மாற்றுங்கள். உள்ளங்காலில் புதிதாய்த் தோன்றிய, அல்லது வளரும் மச்சத்தையும் பாருங்கள். எந்த மச்சத்தையும் மருத்துவர் சோதியாமல் லேசரால் சுட்டுவிடாதீர்கள். நோயிருப்பின் அடையாளமே அழிந்துபோகும். சில வாரங்களில் ஆறாத புண்ணை நம் சயான் மாநகராட்சி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டலாம். நாணமாயிருப்பின் மகளை உடனழைத்துச் சென்று, பெண் மருத்துவரைக் கேளுங்கள்.