ரோட்டரி இன்ஜினுக்கு இன்டேக் மேனிஃபோல்ட்: குழாய் எவ்வளவு நீளம்?

காலேஜ் டீம் ஒண்ணு மெயில் போட்டிருந்தாங்க. கையில ஒரு பழைய ரோட்டரி இன்ஜின் இருக்கு. அதுக்குக் காற்று கொண்டுபோற இன்டேக் மேனிஃபோல்டை அவங்களே டிசைன் பண்ணணும். ஒரு தடவை செய்யத்தான் காசு இருக்கு. "குழாய் எவ்வளவு நீளம் வைக்கலாம்?" இதுதான் கேள்வி.

முதல்ல இன்ஜினைப் பார்ப்போம். ரோட்டரியில் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. உப்பின முக்கோணம் மாதிரி ஒரு ரோட்டர் சுத்துது. காற்று வர்ற துளையைத் திறக்கிறதும் மூடுறதும் அதுதான். நாலு ஸ்ட்ரோக் பிஸ்டன், ஷாஃப்ட் ரெண்டு சுற்று சுத்தினா ஒரு தடவை காற்றை இழுக்கும். இங்கே ஒரு ரோட்டருக்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இழுப்பு.

அந்த இழுப்புல குழாய்க்குள்ள அழுத்தம் குறைஞ்ச அலை ஒண்ணு கிளம்பும். திறந்த முனை வரைக்கும் போய், அழுத்தம் கூடின அலையா மாறித் திரும்பும். துளை மூடுறதுக்குச் சற்று முன்னாடி வந்து சேர்ந்தா கூடுதல் காற்றை உள்ளே தள்ளும். லேட்டா வந்தா பிரயோஜனமில்லை.

எனக்கு ஊர் ஸ்ரீமுஷ்ணம். பூவராக சுவாமி கோயில்ல நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். குட்டையான திமிரி மேல் சுருதியில் பேசும், நீளமான பாரி கீழ் சுருதியில் பேசும். குழாய் நீண்டா அலை போய்வர நேரமாகும். இன்ஜின்லயும் அதேதான்: குறைஞ்ச ஆர்பிஎம்முக்கு நீளக் குழாய், அதிக ஆர்பிஎம்முக்குக் குட்டைக் குழாய்.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஷாஃப்ட் 90 டிகிரி திரும்புறதுக்குள்ள அலை போய்வரணும்னு வச்சுக்கோங்க. 6000 ஆர்பிஎம்ல அது 2.5 மில்லி செகண்ட். ஒலி வேகம் நொடிக்கு 340 மீட்டர். போக வர 85 செ.மீ., அப்போ குழாய் நீளம் சுமார் 42 செ.மீ. 9000 ஆர்பிஎம்னா 28 செ.மீ. போதும்.

நாதஸ்வரக்காரர் விரலை எடுத்தா உள்ளே இருக்கிற காற்றுத் தூண் குட்டையாயிடும். உங்க குழாய்க்கு விரல் கிடையாது. மாஸ்டா அதுக்கும் ஒரு வழி பண்ணினாங்க. 1991-ல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயிச்ச 787பி காரில் நாலு ரோட்டர். ஆர்பிஎம்முக்கு ஏத்த மாதிரி இன்டேக் குழாய்கள் ஓடும்போதே நீளும், சுருங்கும்.

எல்லாருக்கும் அது தேவையில்லை. 2009 மார்ச் 29 அன்னிக்கு கோலார் பக்கத்துல நிஷாந்த் என்கிற ஆளில்லா விமானம், நம்ம நாட்டுல உருவாக்கின வாங்கெல் ரோட்டரி இன்ஜினோட முதல் தடவையா பறந்தது. சுமார் 30 கிலோ எடை, 55 குதிரைத்திறன். விமானம் பெரும்பாலான நேரம் ஏறக்குறைய ஒரே வேகத்துல பறக்கும். அந்த மாதிரி வேலைக்கு ஒரு ஆர்பிஎம்முக்குப் பொருத்தமான ஒரே நீளம் போதும். ரேஸ் கார் கதை வேற. ஒவ்வொரு வளைவுலயும் ஆர்பிஎம் இறங்கி ஏறும்.

அதனால டீமுக்கு என் பதில்: கேட் மென்பொருளைத் திறக்கிறதுக்கு முன்னாடி, உங்க வண்டி எந்த ஆர்பிஎம்ல அதிக நேரம் ஓடும்னு முடிவு பண்ணுங்க. உச்ச பவர் நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. நீளத்தை ரோட்டர் பக்கத்துலேர்ந்து அளங்க. ஹவுசிங்குக்குள்ள இருக்கிற வழியும் கணக்குல சேரும். ஃபிளாஞ்சையும் பிளீனத்தையும் நிரந்தரமா செஞ்சுட்டு, நடுக் குழாயை மட்டும் சிலிகான் ஹோஸ், கிளாம்ப் வச்சு மாட்டுங்க. கணக்கு கொஞ்சம் தப்பினா அந்தத் துண்டை மட்டும் மாத்தினா போதும். காசும் தப்பிக்கும்.

டைனோ ரிசல்ட் வந்ததும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதையே பேசுவோம்.