கல்லா நிறைந்திருந்த காலம்



சம்பளம் போட்ட அன்று இரவு நம் வீடுகளில் ஒரு கணக்கு நடக்கும். கடைக்காரருக்கு எவ்வளவு, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்து வைத்த பிறகு, மீதி நிற்கிறதா, துண்டு விழுகிறதா என்று பார்ப்போம். அரசாங்கம் பார்ப்பதும் இதே கணக்குதான். ஆனால் நம் வீட்டுக் கணக்கை நாமே கூடிப் பேசி முடிக்கிறோம். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்நாட்டுக் கணக்கை முடித்தவர்கள் யார்?

1896ஆம் ஆண்டில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்து கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின. ஆட்சி சுல்தான்கள் பெயரில். பணப்பெட்டிச் சாவி ஆங்கில அதிகாரிகள் கையில். பெட்டியை நிரப்பியது பெரும்பாலும் ஈயத்தின் மீது விதித்த ஏற்றுமதித் தீர்வை. சீனத் தொழிலாளர் சுரங்கத்தில் வெட்டிய ஈயம் அது. அவர்கள் புகைத்த அபினிலிருந்தும் அரசுக்கு வருமானம் வந்தது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போட்ட பாதையில் தொடங்கி, ரயில் பாதைகளில் பெரும்பகுதி வெளியே கடன் வாங்காமல் இவ்வருவாயிலிருந்தே போடப்பட்டது. அந்த முதல் பாதைக்கு மண் சுமந்தவர்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் உண்டு.

கடன் வாங்காத அரசு விரைவில் கடன் கொடுக்கும் அரசாயிற்று. 1909இல் பிரிட்டனும் சயாமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றின் மீது சயாமுக்கு இருந்த உரிமை பிரிட்டனுக்கு மாறியது. அதையொட்டி, சயாம் தன் தென்பகுதியில் ரயில் பாதை போட 40 இலட்சம் பவுன் கடனாகத் தரப்பட்டது. வட்டி நூற்றுக்கு 4. அன்றைய மாற்று விலையில் இது 3 கோடியே 40 இலட்சம் வெள்ளிக்கும் மேல். பேரம் பேசியது பிரிட்டன். பணம் கொடுத்தது நம் மாநிலங்கள். இருந்தாலும் அதைக் குறை சொல்ல நாம் அவசரப்பட மாட்டோம். வட்டி வந்தது, 1918இல் பாடாங் பெசாரில் இரு நாட்டுப் பாதைகளும் இணைந்தன.

1912இல் செய்த செலவு வேறு வகை. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலை அன்பளிப்பாகக் கொடுக்கக் கூட்டாட்சி மன்றம் முடிவு செய்தது. அதற்கு 'மலாயா' என்று பெயர். விலை 25 இலட்சம் பவுனுக்கு மேல். சுல்தான்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மன்றத்தில் அரசு சாராத உறுப்பினர்களாக இருந்தவர்கள் மூன்று ஐரோப்பியரும் ஒரு சீனருமே. தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் சார்பில் பேச அங்கே ஒருவரும் இல்லை. அம்மன்றத்தில் முதல் இந்தியராக வழக்கறிஞர் வீராசாமி அமர்ந்தது 1928இல்தான். அதற்குள் கப்பல் கட்டி, 1916இல் ஜட்லாந்து கடற்போரில் குண்டடியும் பட்டாயிற்று.

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1920இன் இறுதியில் ஈயமும் ரப்பரும் விலை சரிந்தன. சரிவைத் தடுக்க அரசே ஈயத்தை வாங்கிக் குவித்தது. அன்பளிப்பு கொடுத்த அதே அரசு, 1920களின் தொடக்கத்தில் இலண்டன் சந்தையில் கடன் கேட்டு நின்றது.

பத்தாண்டுகளில் இன்னொரு மந்தம் வந்தது. 1930இல் பல தோட்டங்களில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாகி, பின்னர் இன்னும் இறங்கியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். செலவுக்குக் கை கொடுத்தது, 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி. எத்தனை தொழிலாளர் வேலை செய்தார்களோ அதற்கேற்ப முதலாளிகளிடம் வசூலித்த பணம் அது. ஆக, நம்மவர்களுக்கு நாள்தோறும் பேர் விழுந்ததைக் கணக்கிட்டுச் சேர்த்த பணமே, அவர்களைக் கப்பலேற்றவும் உதவியது.

1934இல் விலை ஏறி ஆள் தேவைப்பட்டதும், உதவிக் கட்டணத்தில் மறுபடியும் ஆட்களை வரவழைத்தார்கள். அதற்கும் பணம் இதே நிதியிலிருந்துதான். நம் குடும்பங்கள் சிலவற்றில் பாட்டன் இருமுறை கடல் தாண்டிய கதையைச் சொல்வார்கள். அந்தக் கதைக்குப் பின்னால் இருந்த கணக்கு இது.